லேத்தில் மரக் கிண்ணம் கடைதல்: எந்த உளி, எந்தத் திசை

கடையும்போது உளி மரத்தில் கவ்வித் துள்ளினால் பலரும் கையைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு உளியில் இருக்கும், இல்லாவிட்டால் அதை ஓட்டும் திசையில்.

நாற்காலிக் கால் கடையும்போது மர இழை லேத்தின் அச்சோடு ஒரே போக்கில் ஓடும். கிண்ணத்தில் அது குறுக்கே கிடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வெட்டுமுக இழை, அதாவது இழைகளின் அறுபட்ட நுனி, உளியில் மோதும். அதனால் நாற்காலிக் காலை உருட்டையாக்கும் ரஃபிங் கௌஜ் என்ற அகன்ற குழிவுளியைக் கிண்ணத்தில் வைக்கவே கூடாது. பிடிக்குள் போகும் அதன் வால் மெல்லியது, அங்கேயே முறியும். சாய்முனை உளியும் வேண்டாம். உருண்டைக் கம்பியில் செய்த 12 மி.மீ. பவுல் கௌஜ் (கிண்ணக் குழிவுளி) ஒன்று, தடித்த உருண்டைமுனைச் சுரண்டி ஒன்று, இரண்டும் போதும். கௌஜின் சாய்வுமுகம், அதாவது கூருக்குப் பின்னால் தீட்டிய சரிவு, 45 முதல் 55 டிகிரி இருக்கட்டும்.

20 செ.மீ. விட்டமுள்ள கட்டையில், ஆண்டு வளையங்கள் தொடங்கும் நடுப்புள்ளி இருக்கக் கூடாது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். வாய்ப்பக்கம் வரவேண்டிய முகத்தில் ஃபேஸ் பிளேட்டை (கட்டையை லேத்தில் மாட்டும் உலோகத் தட்டு) ஆறு ஸ்குருக்களால் முடுக்குங்கள். ஜிப்சம் பலகைக்கான கறுப்பு ஸ்குருக்கள் உடையக்கூடியவை, ஆகாது. லேத்தின் மறுமுனையிலுள்ள டெயில் ஸ்டாக்கை முட்டுக்கொடுத்து, கட்டையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டில் இடிக்கிறதா என்று பாருங்கள். முகக்கவசம் கட்டாயம், கையுறை கூடாது. நிமிடத்துக்கு 400–500 சுற்றில் தொடங்கி, அதிர்வு அடங்கியபின் 800–1000க்கு உயர்த்தலாம்.

வெளிப்புறத்தை அடியிலிருந்து வாய் நோக்கி, அதாவது சிறிய விட்டத்திலிருந்து பெரியதற்குக் கடையுங்கள். முதலில் சாய்வுமுகம் மரத்தில் உரச வேண்டும். பிறகு பிடியை மெல்ல உயர்த்தினால் கூர் தானாக வெட்டத் தொடங்கும். கூரை நேராகக் குத்தினால் கவ்வும். அடியில் சக் (தாடைகளால் மரத்தை இறுக்கிப் பிடிக்கும் லேத் பாகம்) பிடிக்க 6 மி.மீ. உயரக் குமிழ் விடுங்கள். குமிழின் நுனி சக்கின் தரையைத் தொடக் கூடாது. அதைச் சுற்றியுள்ள தோள்தான் தாடைகள்மேல் தட்டையாக அமர வேண்டும். கடைசலின் நடுவே கிண்ணம் கழன்று பறப்பதற்கு இந்த ஒரு தவறே போதும்.

கிண்ணத்தைத் திருப்பி, குமிழைச் சக்கில் மாட்டியபின் உள்ளே திசை மாறும்: வாயிலிருந்து மையத்துக்கு. சுவரை 2 செ.மீ. ஆழத்துக்கு இறுதித் தடிப்புக்குக் கொண்டுவந்து, பிறகே அடுத்த 2 செ.மீ.க்கு இறங்குங்கள். மெலிந்த விளிம்புக்குத் திரும்பிப் போனால் சுவர் அதிர்ந்து கோடுகள் விழும். மையப்புள்ளியோடு நிறுத்துங்கள், தாண்டினால் மறுபக்க மரம் உளியை மேலே தூக்கிவிடும். அடியைச் சமன்படுத்தத்தான் சுரண்டி, அதன் முனை சற்றே கீழ்நோக்கி இருக்கட்டும்.

பச்சை மரமா? சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, இங்கே 2 செ.மீ., விட்டு, வெட்டுமுகங்களில் மெழுகு பூசிக் காயவையுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. கிண்ணம் முட்டை வடிவில் கோணியிருக்கும். குமிழை மறுபடி வட்டமாக்கி, 6 மி.மீ. சுவருக்குக் கடையலாம்.

எதிரெதிரே இரண்டு இடங்களில் மட்டும் இழை பிய்ந்து நின்றால் உப்புத்தாளால் போராடாதீர்கள். உளியைத் தீட்டி, அந்த இடத்தில் எண்ணெய் தடவி, மெல்லிய சீவலாக ஒரு முறை ஓட்டுங்கள். பிறகு டூல் ரெஸ்ட்டைக் கழற்றிவிட்டு, வேகத்தைக் குறைத்து 120, 180, 240, 320 எண் உப்புத்தாள்களால் வரிசை தாண்டாமல் தேய்க்கலாம். தூசு முகமூடி அவசியம்.