கார்டு விவரம் கசிந்து பணம் போனால் 3 வேலை நாள் கணக்கு

ஏதோ ஒரு நிறுவனத்திலிருந்து உங்கள் கார்டு விவரம் கசிந்து, நீங்கள் செய்யாத செலவுக்கு வங்கியின் எஸ்எம்எஸ் வந்தால், 3 வேலை நாளுக்குள் வங்கியிடம் புகார் கொடுத்துப் புகார் எண்ணை வாங்கிவிடுங்கள். நிறுவனத்தின் மேல் வழக்குப் போடுவதை அப்புறம் யோசிக்கலாம்.

ரிசர்வ் வங்கி 2017-ல் கொண்டுவந்த விதிப்படி, தவறு உங்களிடமும் இல்லை, வங்கியிடமும் இல்லை என்றால், இந்தக் கெடுவுக்குள் சொன்னவருக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் வரக்கூடாது. புகார் கொடுத்த 10 வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். தவறு உங்களுடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையதுதான். பலர் தவறவிடுவது நாள் கணக்கை: எஸ்எம்எஸ் வந்த நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும், உங்கள் கிளையின் விடுமுறை நாட்கள் சேராது. அதனால் அந்த எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி.

4 முதல் 7 வேலை நாளுக்குள் சொன்னால், கணக்கின் வகையைப் பொறுத்து ஒரு வரம்பு வரையிலான நஷ்டம் உங்கள் தலையில் விழும். ஓடிபியையோ பின் எண்ணையோ நீங்களே யாரிடமாவது சொல்லியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. புகார் கொடுக்கும்வரை போன பணம் போனதுதான். அப்படி நடந்திருந்தாலும் தாமதிக்காமல் வங்கிக்குச் சொல்லிவிட்டு, சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கும் அழையுங்கள்.