ஐசியூவில் என் மூன்றாவது வாரம்: சிரிஞ்ச் மாற்றும்போது விழுந்த பிரஷர்

பி.எஸ்சி. நர்சிங் முடித்த கையோடு ஐசியூவில் போட்டார்கள். மூன்றாவது வாரம், நைட் டூட்டி. செப்சிஸ் (கடும் தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) நோயாளிக்கு, ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து மணிக்கு 10 மி.லி. ஓடிக்கொண்டிருந்தது. சிரிஞ்ச் காலியாகி, அதை மெல்லத் தள்ளும் பம்ப் கத்திய பிறகுதான் புது மருந்து கலக்கவே போனேன். திரும்பி வருவதற்குள் சராசரி ரத்த அழுத்தம் 70-லிருந்து 42. எனக்குக் கை கால் ஓடவில்லை. சீனியர் அக்காதான் ஓடிவந்து காப்பாற்றினார். திட்டவில்லை. "இந்த மருந்தோட வேலை ரெண்டு மூணு நிமிஷத்துல இறங்கிடும்மா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளிலிருந்து டூட்டி ஏற்றதும் முதல் வேலை, ஒவ்வொரு பம்ப்பிலும் மிச்சமிருக்கும் மி.லி.யை வேகத்தால் வகுத்து, தீரும் நேரத்தைத் தாளில் எழுதுவது. 50 மி.லி., மணிக்கு 10 என்றால் 5 மணி நேரம். தீர அரை மணி முன்பே புது சிரிஞ்ச், லேபிளோடு, இரண்டாவது பம்ப்பில் தயார்.

இன்னொன்றை யாரும் வகுப்பில் சொல்லித்தரவில்லை. சிரிஞ்சைப் பம்ப்பில் பொருத்தியதும் பிளஞ்சர் தண்டுக்கும் அதைத் தள்ளும் பம்ப்பின் பகுதிக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். குறைந்த வேகத்தில் அது நிரம்பவே சில நிமிடங்கள் ஆகும். திரையில் ஓடுவதாகக் காட்டும், மருந்து போகாது. அதனால் நோயாளியிடம் இணைக்கும் முன்பே பர்ஜ் செய்துவிடுவேன், அதாவது கொஞ்சம் மருந்தை வெளியே தள்ளி அந்த இடைவெளியை மூடிவிடுவேன். இணைத்தபின் ஒருபோதும் கூடாது, மொத்தமாக உள்ளே போய்விடும். புதியதை ஓடவிட்டு, பிரஷர் ஏறத் தொடங்கியதும் பழையதைப் படிப்படியாகக் குறைப்பேன். உங்கள் யூனிட்டின் முறை வேறாக இருக்கலாம். முதல் சில தடவை சீனியரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.