ஃபெல்ட் துணியில் மலை அணிலும் பெரணியும்: சாப்பாட்டு மேசைக்கு ஒரு சின்னக் காடு

குமுளியில் மதினி ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறார். சாப்பாட்டு அறையில் நாலு மேசை. போன டிசம்பருக்கு முன்னால், "மேசைக்கு ஏதாவது தச்சுக் குடு, காடு மாதிரி இருக்கணும்" என்றார். இணையத்தில் கிடைத்த மாதிரிகளைப் பார்த்து நரி, பைன் மரம், பனி விழுந்த குடிசை என்று தைத்துக்கொண்டு போனேன். மதினி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க வர்றவங்க பாக்குற காடு இது இல்லையே" என்றார்.

அவர் சொன்னது சரி. மறுபடியும் உட்கார்ந்து, தேக்கடிப் பக்கம் கண்ணில் படுவதை மட்டும் வைத்துத் தைத்தேன். டம்ளர் வைக்கும் ஆறு வட்டங்களும், நடுவில் நிற்கும் ஒரு காளானும் சேர்ந்தால் ஒரு மேசைக்குப் போதும்.

துணியும் நூலும்

ஃபெல்ட் என்பது நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த துணி. ஸ்டேஷனரி கடையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கும் ஃபெல்ட் தாள் பழகிப் பார்க்க மட்டும்தான் ஆகும். நாலு தடவை ஊசி ஏறி இறங்கினாலே பஞ்சு பஞ்சாகப் பிரிந்துவிடுகிறது. கம்பளி கலந்த ஃபெல்ட், 1 மி.மீ. கனத்தில் வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் தையல் அதில் அழகாக உட்காரும். ஃபெல்ட்டின் ஓரம் பிரியாது என்பதால் மடித்துத் தைக்கும் வேலையே இல்லை.

எம்ப்ராய்டரி நூல் ஆறு இழையாக வரும். ஆங்கர் நூல் ஒரு கட்டு 8 மீட்டர் இருக்கும். ஒரு முழம் வெட்டி, அதிலிருந்து இரண்டு இழையைப் பிரித்துக் கோர்த்துக்கொள்ளுங்கள். ஒற்றை இழை ஃபெல்ட்டுக்குள் புதைந்து காணாமல் போய்விடும். பச்சையில் மட்டும் மூன்று நிறமாவது வேண்டும். ஏலச்செடி, மிளகுக்கொடி, பெரணி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏன் என்று தெரியும். வட்டமான எம்ப்ராய்டரி ஃபிரேம் வேண்டாம். அது ஃபெல்ட்டில் தடம் பதித்துவிடும். துணி தானே விறைப்பாக இருப்பதால் கையில் பிடித்தே தைக்கலாம்.

வெட்டுவது

10 செ.மீ. வட்டம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு துணி. மேலே ஒன்று, பின்பக்க முடிச்சுகளை மறைக்கக் கீழே ஒன்று. குண்டூசி குத்தி வெட்டினால் சின்ன உருவங்கள் நகர்ந்துவிடும். படத்தாளைத் துணிமேல் வைத்து, முழுக்க செலோடேப் ஒட்டி, டேப்போடு சேர்த்தே வெட்டுங்கள். அணிலின் காது கூடக் கூர்மையாக வரும். கத்தரியில் பசை பிடித்தால் பஞ்சில் ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும்.

படத்தைத் துணிக்கு மாற்றுவது

நான் மூன்று வாரம் மல்லுக்கட்டிய இடம் இதுதான். பென்சில் கோடு ஃபெல்ட்டில் விழவே விழாது. கார்பன் தாள் வைத்தேன், கறுப்புத்தூள் வெள்ளைத் துணியில் அப்பிக்கொண்டு கடைசிவரை போகவில்லை. சூடு பட்டால் மறையும் பேனாவில் வரைந்து இஸ்திரி போட்டேன், பாலியஸ்டர் ஃபெல்ட் சுருங்கி அப்பளம் மாதிரி நெளிந்தது. அந்தப் பேனா பிடித்திருந்தால் ஹேர் டிரையர் சூடே போதும்.

கடைசியில் கைகொடுத்தது மெல்லிய தாள். புதுச் சட்டைக்குள்ளும் செருப்புப் பெட்டியிலும் சுற்றி வருமே, அதே தாள்தான். படத்தை அதில் பென்சிலால் வரைந்து (பேனா மை நூலில் ஏறும்), துணிமேல் வைத்து ஓரத்தில் பெரிய பெரிய தையலாக ஓட்டிக்கொள்ளுங்கள். பிறகு தாளோடு சேர்த்தே எம்ப்ராய்டரி போடுங்கள். முடிந்ததும் தாளைக் கிழித்து எடுக்க வேண்டும்.

கிழிக்கும்போதுதான் என் முதல் பெரணி பாழானது. ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், தையல் எல்லாம் தாளோடு எழும்பித் தொளதொளவென்று ஆகிவிட்டது. இப்போது செய்வது இப்படி. நூல் இல்லாத ஊசியால் தையலின் இரண்டு பக்கமும் தாளை ஒட்டி ஒட்டிக் குத்திக்கொண்டே போகிறேன். தையல்மேல் கட்டைவிரல் நகத்தை அழுத்தி வைத்து, தாளை மேல்நோக்கி இழுக்காமல் பக்கவாட்டில் விலக்குகிறேன். நடுவில் சிக்கிய துணுக்குகளுக்குப் புருவம் எடுக்கும் பிளக்கர். தையல் சின்னதாக, 3 மி.மீ.க்குள் இருந்தால் தாள் தானே ஓட்டை விழுந்து லேசாகப் பிரியும். பட்டர் பேப்பர் வேண்டாம், அது விறைப்பு.

பெரணி, அணில்

பெரணிக்கு நடுத்தண்டு ஸ்டெம் ஸ்டிச் (கயிறு முறுக்கினாற்போல் ஓடும் கோட்டுத் தையல்), இலைகள் லேஸி டெய்ஸி (இதழ் மாதிரி ஒரு கண்ணி போட்டு நுனியைக் குத்தி நிறுத்துவது). நுனிக்குப் போகப் போக இலை சிறுத்துக்கொண்டே போக வேண்டும். வீட்டுப் பின்னால் ஒரு பெரணியைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். முதிர்ந்த இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். நான் ஒரு வட்டத்தில் அந்த அடிப்பக்கத்தையே தைத்தேன், புள்ளிக்கு ஒன்றாகப் பழுப்பு நூலில் பிரெஞ்சு நாட் (ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் குட்டி முடிச்சு). ஆறு வட்டத்திலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

மலை அணிலுக்கு முதுகு மெரூன், தோளும் வாலும் கறுப்பு, வயிறு வெண்மஞ்சள். வால் உடம்பைவிட நீளம். கிளையில் உட்காரும்போது அதைக் கீழே தொங்கவிட்டுத்தான் சமநிலை பிடிக்கும். அதனால் நாட்டு அணில் மாதிரி வாலை மேலே தூக்கி வைத்துவிடாதீர்கள். கொல்லத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தில் சின்னப் பெண் தட்டைக்கூடத் தொடாமல், "மலையண்ணான்!" என்று அந்த வட்டத்தை எடுத்துக்கொண்டாள்.

கடைசியில் இரண்டு வட்டத்தையும் சேர்த்து மூன்று இழையில் பிளாங்கெட் ஸ்டிச் (ஓரத்தைச் சுற்றிப் பிடிக்கும் தையல்), 4 மி.மீ. இடைவெளி.

காளான்

11 செ.மீ. வட்டம் வெட்டி அதில் கால்பங்கை எடுத்துவிடுங்கள். மீதியை இணைத்தால் குடை வரும். அடியில் தைக்க 8 செ.மீ. வட்டம். தண்டுக்கு 10 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரத்தில் ஒரு துண்டு, அதைச் சுருட்டி 3 செ.மீ. வட்டத்தில் நிறுத்துங்கள். உள்ளே போடி பக்கத்து இலவம்பஞ்சு. தண்டின் அடியில் ஒரு ஐந்து ரூபாய் நாணயமும் அதன்மேல் கொஞ்சம் கூழாங்கல்லும் வைத்தால் ஃபேன் காற்றில் சாயாது.

பிறகு சேர்த்தது

கனத்துக்கு அரிசி போட்ட ஒருவர் மூன்றே மாதத்தில் வண்டு வந்துவிட்டது என்று எழுதியிருந்தார். தானியம் எதுவும் வேண்டாம், கல்தான்.

இன்னொருவருக்குச் சிவப்பு நூலின் சாயம் வெள்ளை ஃபெல்ட்டில் இறங்கிவிட்டது. பெயர் தெரியாத நூலாக இருந்தால் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டே தொடங்குங்கள். துவைப்பது பச்சைத் தண்ணீரில் மட்டும். வெந்நீர் பட்டால் கம்பளி சுருங்கும். பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் பரப்பிக் காய வையுங்கள்.

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் பீரோவுக்குள் கூட ஈரம் ஏறும். ஜூன் தொடங்குமுன் எல்லாவற்றையும் நன்றாகக் காயவைத்து, இரண்டு துண்டு வசம்போடு மூடி இறுக்கமான டப்பாவில் போட்டுவிடுகிறேன். அணில் வட்டத்தை மட்டும் மதினி உள்ளே வைக்க விடுவதில்லை.