மிளகாய் இலை சுருண்டால் முதலில் பார்க்க வேண்டியது

மாடியில் மிளகாய் இலை சுருண்டதும் உரக்கடைக்கு ஓடாதீர்கள். முதலில் எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பாருங்கள்.

ஓரம் மேல்நோக்கி மடங்கி, இலை படகு போல நின்றால் இலைப்பேன். கொழுந்துக்குக் கீழே வெள்ளைத்தாள் பிடித்துத் தட்டுங்கள். மஞ்சளாய், ஊசிமுனை அளவில் ஊர்ந்துபோகும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும். மேலே மட்டும் அடிப்பது வீண்வேலை.

கீழ்நோக்கி மடங்கி, காம்பு நீண்டிருந்தால் சிலந்திப்பேன். இது கண்ணுக்குத் தெரியாது, லென்ஸ் வேண்டும். நனையும் கந்தகம் (வெட்டபிள் சல்ஃபர் தூள்) லிட்டருக்கு 3 கிராம் போதும். ஆனால் வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் விட்டுத்தான் கந்தகம்; இல்லாவிட்டால் இலை கருகும். பங்குனி, சித்திரை வெயிலில் பகலில் அடிக்கவே வேண்டாம்.

சுருளாமல் மஞ்சளாகிறதா? அடி இலை முழுதாக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு, கடலைப்புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீரை ஊற்றுங்கள். கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. எங்கள் பெருந்துறைப் பக்கத்து போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளையாகப் படியும். அந்தச் சுண்ணாம்பு, மண்ணில் இருக்கிற இரும்பையும் செடிக்குக் கிடைக்க விடாது. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், அதோடு எலுமிச்சைச் சாறு கொஞ்சம் கலந்து இலைமேல் தெளியுங்கள். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

இலை சிறுத்து, செடியே குட்டையாகி, வெள்ளை ஈ பறந்தால் அது வைரஸ். மருந்து கிடையாது, பிடுங்கி எறிந்துவிடுங்கள்.