"எந்த ஊர்?" என்று கேட்பதற்கு முன்

யாழ்ப்பாணத்தில் கடைக்கோ அலுவலகத்துக்கோ ஆள் எடுப்பவர்கள் நேர்முகப் பரீட்சையில் "தம்பி எந்த ஊர், ஊருக்குள் எந்தப் பக்கம்?" என்று தொடங்குவதுண்டு, அது குசல விசாரிப்பாகத் தோன்றினாலும், கோயிலையும் குறிச்சியையும் தொட்டு விண்ணப்பதாரியின் சாதியை அறியும் வழியாகிவிடுவதை இங்கே அறியாதவர் குறைவு. நேரத்துக்கு வந்து சேர்வதுதான் கவலையென்றால், "காலை 8 மணிக்குக் கடை திறக்க வர இயலுமா?" என்றே கேளுங்கள். கலியாணம், பிள்ளைகள் பற்றிப் பெண்களிடம் மட்டும் கேட்பதும் தவிர்க்கத்தக்கது. இரவு 7 மணி வரை நிற்க வேண்டிய வேலையாயின், அதை எல்லோரிடமும் ஒரே சொற்களில் கேட்கலாம்.

கேள்விகளையும் அவற்றுக்கான புள்ளிகளையும் முதல் நாளே தாளில் எழுதி வைத்து, குழுவினர் ஒவ்வொருவரும் தத்தம் புள்ளியை இட்ட பின்னரே கலந்து பேச வேண்டும். முதலாளி முதலில் வாய் திறந்தால் மற்றவர்களின் பேனாவும் அந்தப் பக்கமே சாயும். இலங்கை அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் முதலியவற்றின் அடிப்படையில் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. அடிப்படை உரிமை வழக்குகள் அரச தரப்பின் செயல்களுக்கே உரியவை எனினும், தனியார் முதலாளிகளும் தம் கேள்வித்தாளை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிபார்சுக் கடிதத்தோடு வருபவருக்கும் அதே தாள்தான்.