வெளிநாட்டு வணிகச் சங்கத்தில் வர்த்தக ஆய்வுப் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பிய ஆணையம் இயங்கும் பிரஸ்ஸல்ஸ் நகரில் வணிகச் சங்கங்களுக்குக் குறைவில்லை. அவற்றில் ஒன்றின் வர்த்தக ஆய்வுப் பிரிவுக்கு இன்டர்ன்ஷிப் செய்யச் செல்பவர்கள், அந்த வேலையைக் கல்லூரிக் கட்டுரையைப் போல நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. கட்டுரையைப் பேராசிரியர் படித்து மதிப்பெண் போடுவார். நீங்கள் தயாரிக்கும் ஒரு பக்கக் குறிப்போ சங்கத்தின் பெயரில் ஆணைய அதிகாரியின் மேசைக்குப் போகும். அதில் ஓர் எண் பிழை என்று அவர் கண்டுகொண்டால், அடுத்த முறை சங்கம் சொல்லும் சரியான எண்ணையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

நான் தவறியதும் எண்ணில்தான். சேர்ந்த இரண்டாவது வாரத்தில், இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்குப் போகும் பின்னலாடை பற்றி ஓர் அட்டவணை போட்டேன். ஒரு பத்தியில் இந்தியாவின் ஏற்றுமதிக் கணக்கு, அடுத்ததில் ஜெர்மனியின் இறக்குமதிக் கணக்கு. இரண்டுக்கும் இருந்த இடைவெளியை 'விடுபட்ட வர்த்தகம்' என்று எழுதியும் விட்டேன். மேற்பார்வையாளர் பென்சிலால் அந்த வரியைச் சுழித்து, "இதில் எது யாருடைய கணக்கு, எந்த ஆண்டுக் கணக்கு?" என்று மட்டும் கேட்டார். ஏற்றுமதி, சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரைக்குமான எஃப்.ஓ.பி. மதிப்பில் பதிவாகிறது, இறக்குமதியோ கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த சி.ஐ.எஃப். மதிப்பில் பதிவாகிறது. நான் எடுத்த இந்தியக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரைக்கும் உரியது, ஐரோப்பியக் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கும் உரியது. போதாததற்கு, ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கி ஜெர்மனிக்குப் போகும் சரக்கு ஒரு நாட்டின் கணக்கில் நெதர்லாந்தின் பெயரில் நின்றுவிடக்கூடும். அன்றிலிருந்து தரவின் மூலம், ஆண்டு, நாணயம், தரவிறக்கிய நாள் ஆகியவற்றை எழுதாமல் நான் எந்த அட்டவணையையும் யாரிடமும் கொடுத்ததில்லை.

சரக்குகளை வகைப்படுத்த உலக நாடுகள் பயன்படுத்தும் எச்.எஸ். குறியீட்டிலும் இதே கவனம் வேண்டும். முதல் 6 இலக்கங்கள்தான் உலகுக்குப் பொது. அதற்கு மேல் வருபவை அந்தந்த நாட்டுக்கு உரியவை என்பதால், இந்தியாவின் 8 இலக்கத்தை ஐரோப்பாவின் 8 இலக்கத்தோடு ஒப்பிடக் கூடாது. 61ஆம் அத்தியாயம் பின்னலாடை, 62 நெய்த ஆடை; ஒன்றை மட்டும் எடுத்து 'ஆயத்த ஆடை' என்று தலைப்பிடுவது பலரும் செய்யும் பிழை. குறியீடுகள் மாறவும் செய்கின்றன: ஸ்மார்ட்போனுக்கு 8517.13 என்ற தனிக் குறியீடு 2022 திருத்தத்தில்தான் வந்தது. முந்தைய ஆண்டுகளில் அந்தக் கட்டம் காலியாக இருப்பதைக் கண்டு வர்த்தகமே நடக்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது.

சுங்க வரி பற்றி எழுதும்போது, சலுகை இருப்பதையும் அது பயன்படுவதையும் ஒன்றாக எண்ணுவது எளிதில் நேரும் தவறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரும்பாலான ஆடைகளுக்கு வழக்கமான வரி 12 சதவீதம். சில வளரும் நாடுகளுக்கு ஒன்றியம் தரும் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகையை 2010இல் இழந்த இலங்கை, 2017இல் அதை மீண்டும் பெற்றது. ஆனால் சீனத் துணியை வாங்கிக் கொழும்பில் தைத்த சட்டை, ஒரு பொருள் எந்த நாட்டில் உருவானது என்பதை முடிவு செய்யும் தோற்ற விதிகளின்படி பொதுவாக அந்தச் சலுகையைப் பெறாது. குறைந்த வளர்ச்சி நாடு என்ற முறையில் வங்கதேசம் அதே துணியில் தைத்தனுப்பும் சட்டைக்கு வரி இல்லாமல் போனது. விகிதப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

உறுப்பினர் நிறுவனங்கள் தரும் விலை, உற்பத்தி விவரங்களைக் கையாள்வதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. போட்டியாளர்கள் ஒருவர் விலையை மற்றவர் அறிய வழி செய்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் செயல்பாடு பற்றிய ஒப்பந்தத்தின் 101ஆம் பிரிவின்படி சங்கமே குற்றச்சாட்டுக்கு ஆளாகலாம். ஒரு நிறுவனம் அனுப்பிய எக்செல் கோப்பை இன்னொரு நிறுவனத்துக்கு உதவியாக அனுப்பிவைக்காதீர்கள். கேட்பவர் எவ்வளவு பழகியவராக இருந்தாலும் சட்டப் பிரிவைக் கேட்ட பிறகே பதில் எழுதுங்கள்.

90 நாளுக்கு மேல் தங்குவதற்கு நீண்டகால விசா வேண்டும் என்பதால், பயிற்சி ஒப்பந்தம் கையெழுத்தாகி வருமுன் விமான டிக்கெட் எடுக்க வேண்டாம். புறப்படும்போது, உங்கள் அட்டவணைகளை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்ற குறிப்பையும் கோப்போடு விட்டுச் செல்லுங்கள். அடுத்த ஆண்டு அதே அட்டவணையைப் புதுப்பிக்கப் போவது உங்களைப் போல் புதிதாக வரும் இன்னொருவர்.