சொந்தப் பெயரில் ஒரு பிரவுசர்: குரோமியத்தைக் கையில் எடுக்கும் நிறுவனங்களுக்கு

யாண்டெக்ஸ் 2012-ல் சொந்த பிரவுசரை வெளியிட்டது. ஜோஹோவின் உலா 2023-ல் வந்தது. பெர்ப்ளெக்சிட்டியின் காமெட்டும் ஓப்பன்ஏஐயின் அட்லஸும் 2025-ல் வந்தன. நான்குக்கும் அடியில் ஓடுவது குரோமியம்தான், அதாவது கூகுள் குரோமுக்கு அடிப்படையான திறந்த மூலநிரல். மைக்ரோசாஃப்டே, பக்கங்களைத் திரையில் வரையும் சொந்த இன்ஜினை மூட்டைகட்டிவிட்டு 2020 ஜனவரியில் எட்ஜைக் குரோமியத்துக்கு மாற்றியது. அதனால் இன்ஜின் எழுதும் பேச்சை விட்டுவிடலாம். குரோமியத்தை எடுத்துப் பெயர் மாற்றிக் கட்டுவது சில வார வேலை. அதை ஆண்டுக்கணக்கில் பாதுகாப்பாக வைத்திருப்பதில்தான் காசும் ஆளும் கரையும்.

முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: குரோமியம் மூலநிரல் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா? முகவரிப் பட்டை, முகப்புப் பக்கம், விளம்பரத் தடுப்பு, பக்கவாட்டில் ஒரு சாட் பெட்டி, இவ்வளவுதான் தேவை என்றால் விண்டோஸில் வெப்வியூ2, மேக்கில் டபிள்யூகே வெப்வியூ என்று அந்தந்த இயங்குதளம் தரும் வலைப்பக்கக் காட்டிகளே போதும். தேடுபொறி நிறுவனமான டக்டக்கோ அப்படித்தான் செய்தது. இன்ஜினின் ஓட்டைகளை அடைக்கும் வேலையை மைக்ரோசாஃப்டும் ஆப்பிளும் பார்த்துக்கொள்ளும். ஐஃபோனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் போன்ற விலக்குள்ள இடங்களைத் தவிர ஆப்பிளின் வெப்கிட் இன்ஜின்தான், வேறு வழி கிடையாது. குரோம் நீட்டிப்புகள் முழுதாக ஓட வேண்டும், டேப், புரொஃபைல், செட்டிங்ஸ் வரை உங்கள் விருப்பப்படி இருக்க வேண்டும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

இயந்திரமும் மூலநிரலும்

குறைந்தது 8 ஜிபி ராம், 100 ஜிபி காலி இடம் என்று குரோமியம் ஆவணம் சொல்லும். அது முயன்று பார்ப்பவர்களுக்கு. வெளியீட்டுத் தரத்தில் கட்ட 32 ஜிபி ராமும் 250 ஜிபி எஸ்எஸ்டியும் வைத்துக்கொள்ளுங்கள். 64 ஜிபி இருந்தால் நிம்மதி. கட்டிய துண்டுகளை ஒரே நிரலாக லிங்க் செய்யும் கட்டத்தில் ‘கில்ட்’ என்ற ஒற்றைச் சொல்லோடு வேலை நின்றால், நிரலில் பிழை தேட வேண்டாம். ராம் தீர்ந்துவிட்டது. பிழைதேடலுக்கான சிம்பல் அளவை 0 அல்லது 1 ஆகக் குறைத்து, ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின் எண்ணிக்கையையும் குறையுங்கள்.

குரோமியத்தின் கருவித் தொகுப்பான டெப்போ டூல்ஸை இறக்கி, அதிலுள்ள ஃபெட்ச் கட்டளையால் குரோமியத்தை எடுங்கள். பலரும் இடறும் இடம் இதுதான்: அன்றாட மாற்றங்கள் வந்து சேரும் மெயின் கிளையிலிருந்து கட்டி மக்களுக்குக் கொடுக்கவே கூடாது. ஜிகிளையன்ட் சிங்க் (கூட வரும் நூலகங்களைப் பொருந்தும் பதிப்புக்குக் கொண்டுவரும் கட்டளை) செய்யும்போது டேகுகளையும் (பதிப்புக் குறிகள்) வெளியீட்டுக் கிளைகளையும் சேர்த்து எடுத்து, குரோமின் ஸ்டேபிள் பதிப்புக்குரிய டேகில் போய் நில்லுங்கள். டேக் மாற்றிய ஒவ்வொரு முறையும் சிங்க்கை மறுபடி ஓட்ட வேண்டும். மறந்தால் வி8 (ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜின்) ஒரு பதிப்பிலும் மீதி வேறு பதிப்பிலும் இருந்து விநோதமான பிழைகள் வரும்.

எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ஜிஎன் அமைப்பில் அஃபிஷியல் பில்டை ஆன் செய்யுங்கள், டீபக்கையும் காம்போனன்ட் பில்டையும் ஆஃப் செய்யுங்கள். உடனே பிஜிஓ புரொஃபைல் (வேகமாக ஓடும்படி கட்ட உதவும் பயன்பாட்டுத் தரவு) இல்லை என்று ஜிஎன் நின்றுவிடலாம். ஜிகிளையன்ட் அமைப்புக் கோப்பில் பிஜிஓ புரொஃபைல்களை இறக்கச் சொல்லி மறுபடி ஹூக்குகளை (சிங்க்குக்குப் பின் ஓடும் ஸ்கிரிப்டுகள்) ஓட்டினால் சரியாகிவிடும். பிஜிஓவையே அணைத்தாலும் கட்டும், ஆனால் பிரவுசர் மெதுவாக ஓடும். ‘குரோம் பிராண்டட்’ என்ற அமைப்பைத் தொடாதீர்கள். அது கூகுளின் உள்நிரல் இருந்தால்தான் வேலை செய்யும்.

பெயர் மாற்றம்

தீம் கோப்புறையில் குரோமியத்துக்கென உள்ள பிராண்டிங் கோப்பில் நிறுவனப் பெயர், தயாரிப்புப் பெயர், மேக் பண்டில் அடையாளம் எல்லாம் இருக்கும். ஐகான்களும் பக்கத்திலேயே இருக்கும். இதோடு முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். விண்டோஸுக்கு இன்ஸ்டால் ஸ்டாட்டிக் கோப்புறையில் நிறுவல் பாதை, ரெஜிஸ்ட்ரி அடையாளங்கள், ஜியுஐடிகள் (தனித்த அடையாள எண்கள்) எல்லாவற்றையும் புதிதாக்க வேண்டும். விட்டால், ஏற்கெனவே குரோமியம் வைத்திருப்பவரின் புரொஃபைலுக்குள் உங்கள் பிரவுசர் போய் உட்காரும். லினக்ஸில் பயனர் கோப்புறையின் பெயரையும் மாற்றுங்கள்.

திரையில் தெரியும் சொற்கள் ஜிஆர்டி கோப்புகளில் உள்ளன. ஆங்கில வாக்கியத்தின் ஹாஷ்தான் (எழுத்துகளிலிருந்து கணக்கிடும் எண்) மொழிபெயர்ப்பின் அடையாள எண். ஆங்கிலத்தில் ‘குரோமியம்’ என்பதை உங்கள் பெயராக மாற்றிய கணமே எண் மாறும், தமிழ் உள்ளிட்ட எல்லா மொழிகளிலும் அந்த வரி ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். இந்தக் கோப்புகளைக் கையாளும் கிரிட் கருவியின் ஹாஷ் நிரலையே அழைத்துப் பழைய எண்ணைப் புதிய எண்ணோடு இணைக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, மொழிபெயர்ப்புகள் உள்ள எக்ஸ்டிபி கோப்புகளையும் சேர்த்து மாற்றுங்கள். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டி நிற்பதால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் சந்தி கெடும். தமிழ்க் கோப்பை ஓர் ஆள் ஒருமுறை படித்தே ஆகவேண்டும்.

உங்கள் சொந்த நிரலைத் தனிக் கோப்புறையில் வைத்து, குரோமியம் கோப்புகளில் ஒற்றை வரித் திருத்தங்களை மட்டும் பேட்ச்களாக (மாற்றத்தை மட்டும் பதியும் கோப்புகள்) வையுங்கள். பிரேவ் பிரவுசர் கையாளும் முறை இது. கோப்புக்கு நூறு வரி திருத்தினால் அடுத்த பதிப்புக்கு மாறும்போது வாரம் முழுக்க மாற்றங்களை இணைக்கும் மெர்ஜ் சண்டைதான்.

கூடவே வராதவை

எச்.264 வீடியோ, ஏஏசி ஆடியோ இரண்டும் இயல்பான குரோமியத்தில் ஓடாது. மீடியா நூலகமான எஃப்எஃப்எம்பெக்கின் பிராண்டிங்கைக் குரோம் என்று வைத்து, உரிமக் கோடெக்குகளை ஆன் செய்தால் ஓடும். காப்புரிமைக் கட்டணத்தைச் சட்டப் பிரிவிடம் முன்பே கேட்டுவிடுங்கள். நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றுக்கு வைட்வைன் என்ற நகல் தடுப்பு மென்பொருள் வேண்டும், அதற்குக் கூகுளோடு தனி உடன்பாடு தேவை. கூகுள் ஏபிஐ சாவி இல்லாவிட்டால் ஆபத்தான தளங்களை எச்சரிக்கும் சேஃப் பிரவுசிங்கும் இருப்பிடமும் வேலை செய்யாது. சாவி இருந்தாலும் கூகுள் சிங்க் (புக்மார்க், கடவுச்சொற்களைச் சாதனங்களிடையே ஒத்திசைப்பது) கிடைக்காது: 2021 மார்ச் 15 முதல் மற்ற குரோமியம் பிரவுசர்களுக்கு அதை மூடிவிட்டார்கள். சிங்க் வேண்டுமென்றால் சர்வர் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

கூகுள் சர்வருக்கு எதுவும் போகக்கூடாது என்று காம்போனன்ட் அப்டேட்டரை (சிறு பகுதிகளைத் தனியாகப் புதுப்பிக்கும் பகுதி) வெட்டிவிடுபவர்கள் உண்டு. ரத்தான சான்றிதழ்களின் பட்டியல் அந்த வழியாகத்தான் வருகிறது. வெட்டுவதென்றால் அதே பொருளை உங்கள் சர்வரிலிருந்து அனுப்புங்கள்.

தளங்களிடம் பிரவுசர் தன்னை அறிமுகப்படுத்தும் யூசர் ஏஜென்டில் உங்கள் பெயரைச் சேர்க்க ஆசை வரும். வேண்டாம். பெயரைப் பார்த்துத் தளங்கள் கதவடைத்ததால்தான் விவால்டி பிரவுசர் 2019 இறுதியில் தன் பெயரை எடுத்துவிட்டது.

தளச் சான்றிதழ்களின் நம்பிக்கைக்கு வேரான ரூட் சான்றிதழில் இன்னும் கவனம் தேவை. இந்திய அரசின் பிரவுசர் போட்டியில், சான்றிதழ் நிறுவனங்களை மேற்பார்க்கும் அரசு அமைப்பான சிசிஏ இந்தியாவின் ரூட்டைச் சேர்க்கச் சொன்னார்கள். 2014 ஜூலையில் இதே சங்கிலியின் கீழ் அரசின் தகவல் தொழில்நுட்ப மையமான என்ஐசி வழியாகக் கூகுள் தளங்களுக்கே அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்தன. அதன்பின் அந்த ரூட் சில இந்திய டொமைன்களுக்கு மட்டுமே செல்லும் என்று குரோம் கட்டுப்படுத்தியது. சேர்ப்பதென்றால் அதேபோல் டொமைன் வரம்பு போட்டுச் சேருங்கள்.

அப்டேட்

2021-ல் 94-ஆம் பதிப்பிலிருந்து குரோமின் பெரிய வெளியீடு நான்கு வாரத்துக்கு ஒன்றானது. 2023-ல் 116 முதல் பாதுகாப்புத் திருத்தம் வாரந்தோறும். திருத்தம் பொது களஞ்சியத்தில் வந்ததுமே ஓட்டை எங்கே என்று தாக்குபவர்களுக்கும் தெரிந்துவிடும். நீங்கள் பத்து நாள் தாமதித்தால் அந்தப் பத்து நாளும் உங்கள் பயனர்கள் திறந்த வீட்டில் இருக்கிறார்கள். டேக் வந்து 48 மணி நேரத்துக்குள் கட்டி, சோதித்து, அனுப்ப முடியாத குழு பிரவுசர் வெளியிடக் கூடாது என்பது எங்கள் கருத்து. இந்த ஒரு வேலைக்கே முழுநேரமாக மூன்று பேராவது வேண்டும், ஒருவர் விடுப்பில் போனாலும் ஓடும்படி.

பிரவுசரைத் தானாகப் புதுப்பிக்க விண்டோஸில் ஒமாஹா, மேக்கில் ஸ்பார்க்கிள் என்ற கருவிகள் இருக்கின்றன. 2023 ஜூன் முதல் நிரல் கையொப்பச் சாவி வன்பொருளில்தான் இருக்க வேண்டும் என்பதால், கட்டும் சர்வரோடு எச்எஸ்எம் (சாவியைக் காக்கும் வன்பொருள்) இணைப்பை முன்பே ஏற்பாடு செய்யுங்கள். மேக்கில் நோட்டரைசேஷன் (ஆப்பிள் சோதித்துத் தரும் முத்திரை) இல்லாமல் அதன் காவலான கேட்கீப்பர் திறக்க விடாது. புதிய சான்றிதழென்றால் விண்டோஸின் பாதுகாப்பு வடிகட்டியான ஸ்மார்ட்ஸ்கிரீன் சில காலம் எச்சரிக்கை காட்டும். நிறுவல் பக்கத்தில் அதைச் சொல்லிவிடுங்கள்.

பொதுவெளியீட்டுக்கு முன் இரண்டு பதிப்பு பழைய நிறுவலை எடுத்து, சாதாரண பயனர் கணக்கில், நிர்வாகி உரிமை இல்லாமல், தானாகப் புதிய பதிப்புக்கு வருகிறதா என்று பாருங்கள். நடுவில் இணைப்பைத் துண்டியுங்கள், வட்டை நிரப்பிப் பாருங்கள். அப்டேட்டரே உடைந்த நிலையில் வெளியே போய்விட்டால், அதைச் சரிசெய்யும் அப்டேட்டை அனுப்ப வழி இருக்காது.